எட்டு அங்குலம்

ஜூன் முதல் வாரம் ஆல்சி ஆற்றில் இரண்டு மீன் பிடித்தேன். ஒன்று ஒன்பது அங்குலம், இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் கூட. ஆரிகன் மாநிலச் சட்டப்படி இரண்டும் எனக்குச் சொந்தம். வீட்டுக்கு வந்து வயிற்றைக் கீறினால் இரண்டுமே பெண். சினை இருக்கவேண்டிய இடத்தில் முதுகெலும்பை ஒட்டி நூல் மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். ஒரு முறைகூட முட்டையிடாத மீன்கள். அதற்காக விட்டுவிட்டேனா என்றால் இல்லை. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு தடவி ரூம்மேட் வறுத்தான், ஆளுக்கு ஒன்றாகச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

வறுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் கவனித்தேன். செதில் கையோடு வந்தது. வெள்ளிப்பொடி மாதிரி விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அது என்ன என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல் ஏறியது. முதலில் என்மேல். பிறகு அந்த எட்டு அங்குலத்தை விதியாக எழுதி வைத்திருக்கிறவர்கள்மேல்.

இந்த மீனுக்கு கட்த்ரோட் ட்ரவுட் என்று பெயர், அதாவது கழுத்தறுத்த ட்ரவுட். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கத்தியால் கீறினாற்போல ஒரு சிவப்புக் கோடு இருக்கும். 1836ல் ஜான் ரிச்சர்ட்சன் இதை விவரித்து, லூயிஸ்-க்ளார்க் பயணத்தின் க்ளார்க் பெயரை வைத்தார். அமெரிக்காவின் மேற்கே மலைநாடு முழுக்க இதற்குப் பங்காளிகள் உண்டு. நான் சொல்வது கடலோர வகை. வட கலிஃபோர்னியாவின் ஈல் ஆற்றிலிருந்து அலாஸ்காவின் ப்ரின்ஸ் வில்லியம் சவுண்ட் வரை, கடலில் வந்து விழும் ஆறுகளில் இருப்பது. அதிலும் ஒரு பகுதி மீன்கள் வாழ்நாளெல்லாம் ஓடையிலேயே கிடந்துவிடும். இன்னொரு பகுதி கடலுக்குப் போய்த் திரும்பும். அந்தக் கடலாடிகளைப் பற்றித்தான் பேச்சு. (நம்மூர் உள்ளம் மீன் கடலிலிருந்து ஆறு ஏறுவது தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை.)

இதன் வாழ்க்கையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் சண்டை முழுக்க அதில்தான் இருக்கிறது.

காட்டுக்குள், ஒரு எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடைகளில் பிறக்கிறது. சால்மன் நுழையாத சந்துபொந்தெல்லாம் இதற்குப் பிள்ளைப்பேறு அறை. இரண்டு, மூன்று, சில சமயம் நாலு வருடம் அங்கேயே பூச்சி தின்று வளர்கிறது. ஒரு வசந்தத்தில் உடம்பு வெள்ளியாக மாறும். புள்ளிகள் மங்கும், கழுத்துக்கோடு ஏறக்குறைய மறையும், செதில் தளரும். கடலுக்குக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். என் விரலில் ஒட்டிய வெள்ளிப்பொடி அதுதான். சால்மன் போல வருடக்கணக்கில் நடுக்கடலில் சுற்றுகிற ஜாதி இல்லை இது. கரையை ஒட்டி, கழிமுகத்தை விட்டு ரொம்ப விலகாமல், சில மாதம் மேய்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் வளர்கிறது. அதே வருடம் கோடைக் கடைசியில் ஆற்றுக்குத் திரும்பிவிடும். அறுவடைக் காலத்தில் வருவதால் பழைய ஆட்கள் 'ஹார்வெஸ்ட் ட்ரவுட்' என்பார்கள், ஆரிகனில் 'ப்ளூபேக்' என்றும் சொல்வதுண்டு.

இன்னொன்று. பசிபிக் சால்மன் முட்டையிட்டால் செத்துப்போகும். இது சாகாது. பிழைத்து, மறுபடி கடலுக்குப் போய், மறுபடி வந்து முட்டையிடும். சிலது மூன்று, நாலு முறைகூட. பெரிய மீனுக்குச் சினையும் அதிகம். முதல் தடவை திரும்புகிறவற்றில் பலவும் அந்த வருடம் முட்டையே இடுவதில்லை. குளிர்காலத்தை ஆற்றில் ஓட்டிவிட்டு அடுத்த வசந்தத்தில் திரும்பக் கடலுக்குப் போகின்றன. அவசரமே இல்லாத மீன்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆரிகன் போல நேராகத் திறந்த கடலைப் பார்த்திருக்கும் ஆறுகளில் முதல் முறை கடலுக்கு இறங்கும் மீன் ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ. இருக்கும். எட்டு அங்குலம் என்றால் எத்தனை செ.மீ.? 20.3.

அதாவது, இந்தக் கரையோர ஆறுகளில் மே 22 முதல் அக்டோபர் 31 வரை, நாளுக்கு இரண்டு மீன், எட்டு அங்குலத்துக்குக் குறையாமல் கொல்லலாம் என்கிற விதி, ஒரு மீன் கடலுக்குப் போகத் தயாராகும் அதே அளவில் கொல்ல அனுமதி தருகிறது. ஒரு நாள் முன்னால் இல்லை, சரியாக அந்த வயதில். பஸ் ஸ்டாண்டில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனைப் பிடிக்கிற மாதிரி.

கொலம்பியா ஆற்றைத் தாண்டி வடக்கே போனால் வாஷிங்டன் மாநிலம். மீனும் கடலும் அதேதான். ஆனால் அங்கே கடலோர ஆறுகள் பலவற்றில் குறைந்தபட்ச அளவு 14 அங்குலம். கடலில் பிடித்தால் கட்த்ரோட் எதையுமே வைத்துக்கொள்ளக்கூடாது, எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். 14 என்ற எண் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஒரு பெண் மீன் குறைந்தது ஒரு தடவையாவது முட்டையிட்டிருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு வந்த எண். எட்டுக்கு என்ன கணக்கு? ட்ரவுட் என்றால் வாணலியில் கொள்ளும் அளவு என்று யாரோ நினைத்ததைத் தவிர வேறு கணக்கு எனக்குப் புலப்படவில்லை.

இதைச் சொன்னால் மூன்று பதில் வருகிறது. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், வரிசை மாறுமே தவிர மூன்றும் வரும்.

முதல் பதில், "சீசன் மே 22ல்தான் திறக்கிறது, அதற்குள் குட்டிகள் கடலுக்குப் போய்விடும்." இதில் பாதி நியாயம் உண்டு. ஏப்ரல், மே மாதங்கள்தான் இறங்கும் உச்சம், அந்தத் தேதியை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் மீன் காலண்டர் பார்ப்பதில்லை. ஜூனிலும் இறங்குகிறது. என் வாணலியே சாட்சி. கடலுக்குப் போய்விட்டுத் திரும்பும் மீனும் முதல் வருடத்தில் பன்னிரண்டு அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். அதுவும் பெரும்பாலும் முட்டையிடாததுதான். அதற்கு எந்தத் தேதியும் காவல் இல்லை.

இரண்டாவது, "ஓடைகளில் கட்த்ரோட் நிறைய இருக்கிறது. கடலுக்குப் போவதும் போகாததும் ஒரே இனம், ஒன்றுக்கொன்று கலக்கும். இவற்றைக் கொன்றால் அவை ஈடு செய்யும்." உயிரியல் படித்தவர்களே சொல்வது இது, உண்மையும்கூட. இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் அம்ப்குவா ஆற்றின் கதையைக் கேளுங்கள். வடக்கு அம்ப்குவாவில் வின்செஸ்டர் அணை என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டும் மீன்களை 1946லிருந்து எண்ணுகிறார்கள். ஆரம்ப வருடங்களில் கடலிலிருந்து வந்த கட்த்ரோட் ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரத்தை நெருங்கியது. 1990களின் தொடக்கத்தில் கைவிரல் போதும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. மேலே ஓடைகளில் கட்த்ரோட் இல்லாமலா போயிற்று? இருந்தது. கடலுக்குப் போகாத உறவுகள் அங்கேயே சௌக்கியமாக இருந்தன. ஈடு செய்யவில்லை.

1996ல் மத்திய அரசு அம்ப்குவா கட்த்ரோட்டை அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலில் சேர்த்தது. 2000த்தில் எடுத்துவிட்டது. பரவாயில்லையே, நாலே வருடத்தில் மீண்டுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. அம்ப்குவா மீன் தனிக் கூட்டமில்லை, ஆரிகன் கடற்கரை முழுவதற்குமான பெரிய கூட்டத்தில் ஒரு பகுதி என்று முடிவு செய்தார்கள். பெரிய கூட்டத்துக்கு ஆபத்தில்லை, ஆகவே சின்னதுக்கும் இல்லை. ஆற்றில் எதுவும் மாறவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வரைபடத்தில் கோட்டை நகர்த்தினால் போதுமானதாக இருந்தது. ஒரு தெருவில் எல்லோரும் பட்டினி, ஆனால் மாவட்டத்தின் சராசரி வருமானம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போல.

மூன்றாவது பதில்தான் என்னை ரொம்பக் கோபப்படுத்துவது. "இதைப் பிடிக்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர். எவ்வளவு செத்துவிடப் போகிறது?"

ஐயா, எவ்வளவு சாகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆரிகனில் ஒரு சால்மன் அல்லது ஸ்டீல்ஹெட் பிடித்து வைத்துக்கொண்டால் அந்த இடத்திலேயே டேக்கில் பதியவேண்டும். தேதி, ஆறு, இனம். பதியாவிட்டால் அபராதம். கட்த்ரோட்டுக்கு டேக் கிடையாது. நான் அந்த இரண்டு மீனைக் கொன்றது எங்கேயும் எழுதப்படவில்லை. என் வயிற்றுக்கும் ரூம்மேட் வயிற்றுக்கும்தான் தெரியும். சால்மன் முட்டையிடும் இடங்களுக்கு வருடா வருடம் ஆட்கள் நடந்து போய் எண்ணுகிறார்கள். கட்த்ரோட்டுக்கு அப்படிக் கரை முழுக்க எண்ணும் ஏற்பாடு இல்லை. அங்கங்கே சில பொறிகளில், வேறு மீனை எண்ணும்போது இதையும் எண்ணுகிறார்கள். 2014ல் மாநிலம் கரையோர மீன்களுக்காக ஒரு பெரிய பாதுகாப்புத் திட்டம் போட்டது, அதில் கட்த்ரோட்டும் உண்டு. ஆனால் மற்ற மீன்களோடு ஒப்பிட்டால் இதற்குக் கையில் இருக்கும் தகவல் சொற்பம். செத்ததையும் எண்ணவில்லை, இருப்பதையும் சரியாக எண்ணவில்லை. பிறகு எப்படி ஐயா "ஆரோக்கியமாக இருக்கிறது" என்று சொல்கிறீர்கள்?

"மற்ற மீன்கள் நன்றாக இருந்தால் இதுவும் இருக்கும்" என்று ஒரு கிளைப் பதில் உண்டு. அதற்கு விடை என் தூண்டில் விழுந்த ஆற்றுப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆல்சி பகுதியில் 1959லிருந்து 1973 வரை பதினைந்து வருடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மூன்று சின்ன ஓடைகள். ஃப்ளின் க்ரீக்கைத் தொடவில்லை. டியர் க்ரீக்கில் திட்டுத் திட்டாக, கரையோர மரங்களை விட்டுவிட்டு வெட்டினார்கள். நீடில் ப்ராஞ்ச் என்ற மூன்றாவதை 1966ல் தண்ணீர் வரைக்கும் மொட்டையடித்தார்கள். நிழல் போனது. ஓடையின் ஆண்டு உச்ச வெப்பம், வெட்டுக்கு ஒரு வருடம் கழித்து, 57 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 85க்குப் போயிற்று. நமக்கு 85 ஒன்றுமில்லை, மார்கழி மத்தியானம். ட்ரவுட்டுக்கு அது கொதிகலன். விஷயம் என்னவென்றால், அதே ஓடையிலிருந்து கடலுக்குப் போன கோஹோ சால்மன் குட்டிகளின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. கட்த்ரோட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக விழுந்தது. ஆராய்ச்சி முடியும் வரை எழுந்திருக்கவே இல்லை. கோஹோவை மட்டும் எண்ணியிருந்தால் "ஓடை சௌக்கியம்" என்று ரிப்போர்ட் எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

(அந்த ஆராய்ச்சி வீண்போகவில்லை. 1971ல் ஆரிகன் கொண்டுவந்த காட்டு மரவெட்டுச் சட்டத்துக்கு அதன் முடிவுகள் ஒரு காரணம், அமெரிக்காவிலேயே அந்த வகையில் முதல் சட்டம். நல்லதையும் சொல்லவேண்டுமில்லையா.)

இங்கே ஒருவர் எழுந்து, "அப்படியானால் குற்றவாளி மரவெட்டிதானே, தூண்டில்காரனை ஏன் திட்டுகிறாய்?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. மரம் வெட்டியதும், சாலைக்கு அடியில் மீன் ஏறமுடியாத குழாய்களைப் புதைத்ததும், கழிமுகச் சதுப்புகளுக்கு அணை கட்டி மேய்ச்சல் நிலமாக்கியதும் செய்த சேதத்துக்கு முன்னால் என் இரண்டு மீன் தூசு. குழாய் விவகாரத்தில் வாஷிங்டன் மாநிலத்தைப் பழங்குடிகள் கோர்ட்டுக்கு இழுத்து, 2018ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலாகப் பிரிந்ததில் பழங்குடிகளுக்குச் சாதகமான கீழ்க்கோர்ட் தீர்ப்பு நிலைத்தது. அது பெரிய கதை, இன்னொரு நாள். ஆனால் ஒரு ஓடையைச் சரிசெய்யக் கோடிக்கணக்கில் பணமும் பத்துப் பதினைந்து வருடமும் வேண்டும். எட்டைப் பதினாலாக்க ஒரு அச்சுத் திருத்தம் போதும். கஷ்டமான வேலை பாக்கி இருக்கிறது என்பதற்காகச் சுலபமான வேலையைச் செய்யமாட்டேன் என்பது என்ன நியாயம்?

அடுத்து புழு. ஆற்றின் மேல்பகுதிகளில் கோடையில் பெரும்பாலும் செயற்கை இரைதான். ஆனால் கடல் ஏற்றம் எட்டும் கீழ்ப்பகுதியில் புழு போடலாம். ஆல்சியாகட்டும் நெஸ்டக்காவாகட்டும் சயூஸ்லாவாகட்டும், ஆகஸ்டில் போய்ப் பாருங்கள். சின்னப் படகு, மெதுவான மோட்டார், பின்னால் 'வெட்டிங் ரிங்' என்கிற பாசிமணி கோத்த ஸ்பின்னர், அதன் முள்ளில் நீளமான மண்புழு. அருமையான முறை, பொய் சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் பிடித்தேன். சிக்கல் என்னவென்றால் புழுவை மீன் கடிப்பதில்லை, விழுங்குகிறது. முள் தொண்டைக்கும் செவுளுக்கும் போய்விடுகிறது. 1993ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதே கடலாடிக் கட்த்ரோட்டை வைத்துச் செய்தது. புழுவில் பிடித்துத் திரும்ப விட்டவற்றில் பாதியை ஒட்டிச் செத்தன. வெறும் ஸ்பின்னரில் அது மிகவும் குறைவு. ஆக, 14 அங்குல விதி வந்தாலும் புழு இருந்தால் பிரயோஜனம் குறைவு. சின்ன மீனை விட்டுவிட்டேன் என்று புண்ணியம் தேடிக்கொள்வோம், அது ஆற்றடியில் கிடந்து சாகும். இந்த இரண்டு விதியும் சேர்ந்து வரவேண்டும்.

இத்தனை படித்ததும் செயற்கை ஈ கட்டி வீசும் கனவான்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். எண்ணூறு டாலர் கழியோடு வந்து, ஒரு நாளில் முப்பது மீன் பிடித்து முப்பதையும் விட்டேன் என்று மார்தட்டுகிறீர்களே, ஈயில் பிடித்தாலும் நூற்றுக்குச் சிலது சாகத்தான் சாகும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் ஆகஸ்ட் மத்தியானத்தில் இன்னும் கூட. ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்துப் படம் வேறு. ஒரு நாள் முப்பது பிடித்து விடுகிறவரும் ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிற கிழவரும் ஆற்றுக்குச் செய்த சேதம் ஒன்றாகவே இருக்கலாம். கிழவராவது சாப்பிட்டார்.

மீன் பிடித்துத் தின்பது பாவம் என்று நான் சொல்லவே இல்லை, நான் மீன் தின்று வளர்ந்தவன். பதினைந்து அங்குல மீன் ஒன்று, இரண்டு ஒன்பது அங்குல மீனைவிட நல்ல சாப்பாடு. முள்ளும் குறைவு. அது ஓடைக்கு ஏறி, குழி பறித்து, சினையைப் போட்டுவிட்டு வந்த மீன் என்றால் எனக்குக் கடனும் இல்லை. நான் கேட்பது மூன்றே: பதினாலு அங்குலம், கழிமுகத்தில் புழு வேண்டாம், கொன்றதை எழுதிவைக்க ஒரு டேக். மூன்றாவதற்குக் காசு கேட்டாலும் தருகிறேன், சால்மன் டேக்குக்குக் கொடுக்கிறோமே.

மாநிலத்தின் மீன்-வனவிலங்கு ஆணையத்தில் ஏழு பேர், கவர்னர் நியமிக்கிறார். விதிகளை நிறைவேற்றும் கூட்டத்தில் பொதுமக்களும் போய்ப் பேசலாம். போன வாரம் உட்கார்ந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். வறுத்துத் தின்றதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். ரூம்மேட் படித்துவிட்டு, "உன் மேலேயே நீ புகார் கொடுக்கிற மாதிரி இருக்குடா" என்றான்.

தூண்டில் கழியில் கைப்பிடிக்கு மேலே பதினாலு அங்குலத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒன்று சுற்றி வைத்திருக்கிறேன். புழு டப்பாவைக் குப்பையில் போட்டாயிற்று. முள்ளில் இருந்த எதிர்முள்ளையும் இடுக்கியால் நசுக்கிவிட்டேன். அதற்கப்புறம் இந்த சீசனில் ஏழு மீன் வந்தது. ஒன்றும் டேப்பைத் தொடவில்லை.